இரண்டு ஆட்ட இறுதிப்போட்டி: கோப்பையைத் தீர்மானிப்பது கோலா, நடுவில் கிடைக்கும் இடைவெளியா?

மையவட்டம்:

கால்பந்தில், இரு அணிகளின் மைதானத்திலும் ஒவ்வோர் ஆட்டம் ஆடி, கோல்களைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் இரண்டு ஆட்ட இறுதிப்போட்டி சரியா, ஒரே இரவில் முடியும் இறுதிப்போட்டி சரியா என்ற வாதம் பலமுறை வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சொந்த மைதானச் சாதகம், ரசிகர்களின் பயணச் செலவு, தொலைக்காட்சி வருமானம் என்று மூன்றையே சுற்றிச் சுற்றி வந்து களைத்துப் போகிறோம். நான் சொல்ல வருவது வேறு. இந்த வகை இறுதிப்போட்டியின் உயிர் இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே கிடக்கும் ஒரு வாரத்திலோ இரண்டு வாரங்களிலோதான் இருக்கிறது. எதிரணியைத் தொண்ணூறு நிமிடம் நேருக்கு நேர் பார்த்துவிட்டு, அதே எதிரணியை அதே கோப்பைக்காக மறுபடியும் சந்திக்கப் போகிறோம் என்று தெரிந்து யோசிக்கும் அவகாசம் ஒற்றை ஆட்ட இறுதிப்போட்டியில் எந்தப் பயிற்சியாளருக்கும் வாய்ப்பதில்லை.

அந்த அவகாசம் எவ்வளவு வலிமையானது என்பதற்கு, ஒரே ஒரு இரவு கிடைத்த அணியின் கதையைச் சொல்கிறேன். 1973 மே 9 அன்று ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான யூஃபா கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் இங்கிலாந்தின் லிவர்பூலும் ஜெர்மனியின் பொருசியா மோன்ஷன்கிளாட்பாக்கும் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் இறங்கின. கொட்டிய மழையில் பந்து உருள மறுத்ததால், 27 நிமிடங்களுக்குப் பிறகு கோல் எதுவும் விழாத நிலையில் நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். அந்த 27 நிமிடங்களுக்குள் ஜெர்மானியத் தடுப்பாட்டக்காரர்கள் உயரப் பந்துகளுக்குத் தடுமாறுவதை லிவர்பூல் மேலாளர் பில் ஷாங்க்லி கண்டுகொண்டார். மறுநாள் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியபோது பிரையன் ஹாலுக்குப் பதிலாக உயரமான ஜான் டோஷாக் அணியில் இருந்தார். டோஷாக் தலையால் இறக்கிக் கொடுத்த பந்துகளைக் கெவின் கீகன் இருமுறை வலைக்குள் அனுப்பினார். லாரி லாயிட் மூன்றாவதை அடித்தார். ஒரு இரவுக்கே இவ்வளவு என்றால், பதினான்கு நாட்கள் கொடுத்தால் என்னவெல்லாம் நடக்கும்? இப்படிப்பட்ட அவகாசத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பல கண்டங்கள் கைவிட்டு வருவதுதான் எனக்கு வருத்தம்.

வலைக்காவலன்:

நல்ல தொடக்கம், ஆனால் நீங்கள் காட்டிய சான்று உங்கள் வாதத்துக்கு முழுதாக உதவாது, நண்பரே. ஷாங்க்லிக்குக் கிடைத்த இரவு இரண்டு ஆட்ட முறை தந்ததன்று, மழை தந்தது. உண்மையான இடைவெளி அதற்குப் பிறகுதான் வந்தது. மே 23 அன்று ஜெர்மனியில் நடந்த இரண்டாம் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே மோன்ஷன்கிளாட்பாக்கின் யூப் ஹெயின்கெஸ் இரண்டு கோல்கள் அடித்துவிட்டார். அதாவது ஷாங்க்லி கண்டுபிடித்த உத்திக்கு எதிரணி இரண்டு வாரத்தில் மாற்றுக் கண்டுபிடித்துவிட்டது. இருந்தும் கோப்பை 3-2 என்ற கூட்டுக் கணக்கில் லிவர்பூலுக்குப் போனதற்குக் காரணம் என்ன? முதல் ஆட்டத்தில் ஹெயின்கெஸ் அடித்த பெனால்டியை லிவர்பூல் கோல்காப்பாளர் ரே கிளெமென்ஸ் தடுத்திருந்தார். அது அன்றைக்கு 3-1 ஆக வேண்டியது 3-0 ஆகவே நின்ற சிறு சம்பவம் போலத்தான் தெரிந்திருக்கும். இரண்டு வாரம் கழித்துத்தான் அது கோப்பையின் விலை என்று தெரிந்தது.

கோல்காப்பாளராக ஆடிப் பழகியவன் என்பதால் எனக்கு இந்த முறையில் பிடித்தது இதுதான். முதல் ஆட்டத்தில் 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போது எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி, ஒற்றை ஆட்ட இறுதியில் வெறும் ஆறுதல். இரண்டு ஆட்ட இறுதியிலோ அதன் முழு மதிப்பு பின்னர்தான் தெரியவரும். யோசிக்கும் நேரத்தைவிட, எந்தக் கோலும் வீணாகப் போகாத இந்தக் கணக்குதான் முறையின் உயிர் என்பேன்.

இடதுவிளிம்பு:

எந்தக் கோலும் வீணாகாது என்கிறீர்கள். 1988-இல் எஸ்பான்யோல் ரசிகர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். யூஃபா கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில், பார்சிலோனாவின் சாரியா மைதானத்தில், பேயர் லெவர்குசெனை அவர்கள் 3-0 என்று வென்றார்கள். இரண்டு கோல்களை செபாஸ்தியான் லோசாதாவே அடித்தார். பதினான்கு நாட்கள் கழித்து லெவர்குசெனில் இடைவேளை வரை கோலே இல்லை. கோப்பைக்கும் எஸ்பான்யோலுக்கும் நடுவே நாற்பத்தைந்து நிமிடங்கள்தான் இருந்தன. 57-ஆவது நிமிடத்தில் டிட்டா, 63-இல் கோட்ஸ், 81-இல் தென்கொரிய வீரர் சா பும்-குன் என்று மூன்று கோல்கள் விழுந்தன. கூடுதல் நேரத்தில் யாரும் அடிக்கவில்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் எஸ்பான்யோலின் கடைசி உதையை அடிக்க வந்தவர் அதே லோசாதா. பந்து கம்பத்துக்கு மேலே போனது. லெவர்குசென் 3-2 என்று ஷூட்அவுட்டை வென்று கோப்பையைத் தூக்கியது.

இங்கே இடைவெளி என்ன செய்தது என்பதை மையவட்டம் விளக்க வேண்டும். மூன்று கோல் முன்னிலையோடு இரண்டு வாரம் காத்திருக்கும் அணி என்னதான் யோசிக்கும்? முன்னே போய் அடிக்கவும் மனம் வராது, பின்னே நின்று காக்கவும் முழு மனம் வராது. யோசிக்கும் நேரம் தோற்றவனுக்குத்தான் மருந்து. வென்றவனுக்கு அது நஞ்சாகவும் மாறும்.

மையவட்டம்:

இடதுவிளிம்பு, நீங்கள் என் வாதத்தை மறுப்பதாக நினைத்துக்கொண்டு அதற்குத் தூணே நட்டுவிட்டீர்கள். தோற்ற அணிக்குத் திட்டம் எளிது, வென்ற அணிக்குத் திட்டம் கடினம் என்பதைத்தான் நானும் சொல்கிறேன். முதல் ஆட்டத்தில் தோற்பது சில சமயம் அணியைக் குழப்பத்திலிருந்து விடுவிக்கிறது.

இதற்கு லெவர்குசெனைவிடக் கூர்மையான சான்று ஆசியாவில் இருக்கிறது. 2004 ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதியில் சவூதியின் அல்-இத்திஹாத், தென்கொரியாவின் சொங்னாம் அணியிடம் முதல் ஆட்டத்தில் 1-3 என்று தோற்றது. அதுவும் ஜெட்டாவில், தன் சொந்த மைதானத்தில். இரண்டாம் ஆட்டத்துக்குக் கொரியா போக வேண்டும். அங்கே போய் 5-0 என்று வென்று கோப்பையோடு திரும்பியது. லெவர்குசெனுக்காவது சொந்த ரசிகர்களின் கூச்சல் துணை நின்றது. அல்-இத்திஹாத்துக்கு அதுவும் இல்லை. இரண்டாம் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடுபவருக்குத்தான் கோப்பை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இந்த இரண்டு ஆட்டங்களையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூடுதல்நேரம்:

அந்த வரிசையில் 1997-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்டங்களாக நடந்த கடைசி யூஃபா கோப்பை இறுதி அது. ஜெர்மனியின் ஷால்கே, இத்தாலியின் இன்டர் அணியைச் சொந்த மைதானத்தில் மார்க் வில்மோட்ஸ் அடித்த ஒரே கோலால் 1-0 என்று வென்றது. மிலான் நகரில் இன்டரின் மைதானமான சான் சீரோவில் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது இவான் சமோரானோ அடித்த கோலால் இன்டர் கணக்கைச் சமன் செய்தது. கூடுதல் நேரமும் சொந்த ரசிகர்கள் நடுவேதான், ஷூட்அவுட்டும் அங்கேதான். ஆனாலும் ஷால்கே 4-1 என்று வென்றது. வெற்றி உதையும் வில்மோட்ஸின் காலிலிருந்தே வந்தது. 2014-இல் வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் முதல் ஆட்டத்தில் எடுத்த 1-0 முன்னிலையை ரியாத்தில் அல்-ஹிலாலுக்கு எதிராக 0-0 என்று காப்பாற்றி ஆசியக் கோப்பையை வென்றதும் இதே வகைதான்.

இருந்தாலும் சொந்த மைதானச் சாதகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. விதியே அந்தச் சாதகத்தைச் சரிக்கட்ட முயன்ற காலம் ஒன்று இருந்ததே. கூட்டுக் கணக்கு சமமானால் எதிரணியின் மைதானத்தில் அதிக கோல் அடித்தவருக்கே வெற்றி என்ற வெளிமைதான கோல் விதி மூன்று யூஃபா கோப்பை இறுதிகளைத் தீர்த்துவைத்தது: 1977-இல் அத்லெடிக் பில்பாவோவை மிஞ்சிய யுவெண்டஸ், 1980-இல் மோன்ஷன்கிளாட்பாக்கை மிஞ்சிய ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட், 1992-இல் டொரினோவை மிஞ்சிய அயாக்ஸ். இவற்றில் 1992 என் மனத்தில் இன்னும் முள்ளாக இருக்கிறது. டூரினில் 2-2, ஆம்ஸ்டர்டாமில் 0-0. இரண்டு ஆட்டங்களிலும் டொரினோ தோற்கவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் அவர்கள் அடித்த பந்து மூன்று முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பயிற்சியாளர் எமிலியானோ மொந்தோனிகோ கோட்டுக்கு வெளியே நின்று ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிய அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். யூஃபா 2021-இல் அந்த விதியை நீக்கியது. நல்லதுதான், ஆனால் அப்போது நீக்கிப் பயனடைய அவர்களிடம் இரண்டு ஆட்ட இறுதிப்போட்டி எதுவும் மிச்சமில்லை.

பார்வையாளர் 12:

பொதுவாக இந்த இழைகளைப் படித்துவிட்டுப் போய்விடுவேன். ஒரு சந்தேகம் கேட்கலாமா? தென்னமெரிக்க கிளப் அணிகளுக்கான கோபா லிபர்தடோரஸின் 2018 இறுதியின் முதல் ஆட்டம் போகா ஜூனியர்ஸின் மைதானத்தில் 2-2 என்று முடிந்தது. எதிரணியான ரிவர் பிளேட்டுக்கு இரண்டு வெளிமைதான கோல்கள் இருந்தன அல்லவா? அப்படியென்றால் இரண்டாம் ஆட்டத்தில் 0-0 போதுமே. பிறகு ஏன் கூடுதல் நேரம் வரை போனது? மேலும், அந்த இறுதியில் நடந்த வன்முறையால்தான் தென்னமெரிக்காவில் ஒற்றை ஆட்டத்துக்கு மாறினார்கள் என்பது சரியா?

கூடுதல்நேரம்:

முதல் கேள்விக்கு விடை: லிபர்தடோரஸில் முந்தைய சுற்றுகளுக்கு இருந்த வெளிமைதான கோல் விதி இறுதிப்போட்டிக்கு இல்லை. அதனால் 2-2 என்பது வெறும் சமன்தான். எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

இரண்டாவது, பலரும் நம்பும் தவறு. 2019 முதல் ஒற்றை இறுதி என்று தென்னமெரிக்கக் கூட்டமைப்பான கான்மெபோல் 2018 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. வன்முறை நடந்தது நவம்பரில். ஆகவே அந்த இறுதிப்போட்டி தொடங்கும்போதே, இரண்டு ஆட்டங்களாக நடக்கும் கடைசி லிபர்தடோரஸ் இறுதி அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

வலைக்காவலன்:

பார்வையாளர் 12 அதைத் தொட்டுவிட்டார், இனி விட முடியாது. மையவட்டம் போற்றும் அந்த இடைவெளியின் மறுபக்கம் இந்த இறுதிதான்.

முதல் ஆட்டமே நவம்பர் 10-இல் கனமழையால் தள்ளிப்போய் மறுநாள் நடந்தது. ரமோன் அபிலா போகாவுக்காக அடித்ததும், அடுத்த நிமிடமே ரிவரின் லூக்காஸ் பிராத்தோ சமன் செய்தார். இடைவேளைக்குச் சற்று முன் பெனடெட்டோ மீண்டும் போகாவுக்கு முன்னிலை தந்தார். பிற்பாதியில் போகாவின் இஸ்கியர்தோஸ் போட்ட சுய கோல் 2-2 ஆக்கியது. அழகான ஆட்டம். அதற்குப் பின் பதின்மூன்று நாட்கள். அந்தப் பதின்மூன்று நாட்களில் யார் யோசித்தார்கள்? பயிற்சியாளர்கள் யோசித்திருப்பார்கள், சரி. ஆனால் இரு அணிகளுக்கும் சொந்த ஊரான புவனோஸ் ஐரிஸ் நகரமே கொதிக்கவும் அந்த நாட்கள்தான் இடம் கொடுத்தன. நவம்பர் 24 அன்று ரிவரின் மொனுமெந்தால் மைதானத்தை நோக்கி வந்த போகா அணியின் பேருந்து தாக்கப்பட்டது. சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. அணித்தலைவர் பாப்லோ பெரெஸ் கண்ணில் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். மைதானத்துக்குள் ரசிகர்கள் மணிக்கணக்கில் காத்திருக்க, தொடங்கும் நேரம் அன்றைக்கே திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் ஆட்டமே நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. முடிவில் டிசம்பர் 9-இல், பெருங்கடலைத் தாண்டி, மாட்ரிட்டின் சான்டியாகோ பெர்னபேயுவில் நடந்தது. ரிவர் கூடுதல் நேரத்தில் 3-1 என்று வென்றது.

இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே நான்கு வாரங்கள். ரிவருக்குச் சொந்த மைதானமே இல்லாமல் போனது. இது இரண்டு ஆட்ட இறுதியா, பாதியில் முறிந்த ஒற்றை இறுதியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

இடதுவிளிம்பு:

வன்முறைக்கு ஆட்ட முறையைக் குற்றம் சாட்டுவதை என்னால் ஏற்க முடியாது. 2015-இல் இதே இரு அணிகளும் மோதிய காலிறுதிக்கு முந்தைய சுற்று ஆட்டம், ரிவர் வீரர்கள் மீது மிளகுத்தூள் திரவம் அடிக்கப்பட்டதால் இடைவேளையோடு கைவிடப்பட்டது. போகா போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. அது இறுதிப்போட்டி அல்ல. பேருந்து வரும் வழியைக் காவல்துறை காக்கத் தவறியதற்கு நாட்காட்டி பொறுப்பாகாது.

மாட்ரிட் ஆட்டத்தையும் நீங்கள் அவ்வளவு எளிதாகக் கடந்திருக்கக் கூடாது. ரிவரின் பயிற்சியாளர் மார்செலோ கயார்தோ தடை காரணமாக ஓரக்கோட்டில் நிற்கவே இல்லை. இருந்தும் பிற்பாதியில் குயின்டேரோவை இறக்கிய முடிவு கோப்பையைத் திருப்பியது. பெனடெட்டோ முதலில் போகாவுக்காக அடித்தார், பிராத்தோ சமன் செய்தார். கூடுதல் நேரத் தொடக்கத்தில் வில்மார் பாரியோஸ் வெளியேற்றப்பட்டதால் போகா பத்துப் பேரானது. 109-ஆவது நிமிடத்தில் குயின்டேரோ தொலைவிலிருந்து இடது காலால் அடித்த பந்து மேல் கம்பத்தின் அடியில் பட்டு உள்ளே போனது. பின்னர் ஃபெர்னாண்டோ காகோ காயமடைந்தார். மாற்று வீரர்களும் தீர்ந்திருந்ததால் போகா ஒன்பது பேரோடு நின்றது. அந்த ஒன்பது பேரோடும் கடைசி நிமிடத்தில் ஹாராவின் உதை கம்பத்தில் பட்டது. உடனே வந்த கார்னருக்குக் கோல்காப்பாளர் அந்த்ராதாவும் முன்னே ஓடிவந்திருந்தார். பந்து பீட்டி மார்ட்டினெஸிடம் சிக்கியது. காலியாகக் கிடந்த வலையை நோக்கி அவர் தனியாக ஓடினார். இப்படி ஒரு முடிவை முறிந்த இறுதி என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

மையவட்டம்:

வலைக்காவலன் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். இடைவெளி நீளும்போது அது ஆட்டக்காரர்களின் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதேபோல் மிகக் குறுகினாலும் பயனில்லை. அதற்கும் ரிவரே சான்று. 1966 லிபர்தடோரஸ் இறுதியில் உருகுவேயின் பெனாரோல் முதல் ஆட்டத்தை 2-0 என்று வென்றது. இரண்டாவதை ரிவர் 3-2 என்று வென்றது. இன்றைய கணக்கில் 4-3 என்று பெனாரோல் சாம்பியன். ஆனால் அன்றைய விதிப்படி கோல்களைக் கூட்டவில்லை. ஆளுக்கொரு வெற்றி என்பதால் சிலியின் சான்டியாகோவில் மூன்றாம் ஆட்டம் வைத்தார்கள். இரண்டாம் ஆட்டம் மே 18, மூன்றாம் ஆட்டம் மே 20. யோசிக்க ஏது நேரம்? ரிவர் 2-0 என்று முன்னிலை பெற்று, கூடுதல் நேரத்தில் 2-4 என்று தோற்றது. எதிரணி ரசிகர்கள் அவர்களைக் கோழிகள் என்று கேலி செய்யத் தொடங்கியது அந்தத் தோல்விக்குப் பிறகுதான். வெளியே இருந்து பார்த்தால் மூன்று ஆட்டம் நியாயமாகத் தெரியும். அங்கே வென்றது உத்தியைவிடக் கால்களின் வலுதான் என்பது என் ஊகம்.

என் கணக்கில் ஒரு வாரத்துக்குக் குறையாமலும் இரண்டு வாரத்துக்கு மிகாமலும் இருப்பதே சரியான இடைவெளி. 2024 ஆசிய இறுதியில் யோகோஹாமா எஃப் மரினோஸிடம் 1-2 என்று தோற்ற அல்-ஐன், சரியாக இரண்டு வாரம் கழித்து 5-1 என்று வென்றதே.

வலைக்காவலன்:

அந்த 5-1-ஐ இடைவெளியின் கணக்கில் எழுத விடமாட்டேன். முதல் பாதி முடியும் முன்பே யோகோஹாமாவின் கோல்காப்பாளர் வில்லியம் போப் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பத்துப் பேரோடு ஒரு பாதி முழுக்க ஆடும் அணியை வெல்ல அல்-ஐன் பயிற்சியாளர் எர்னான் கிரெஸ்போ பதினான்கு நாள் யோசித்திருக்க வேண்டியதில்லை.

மையவட்டம்:

சரி, அந்தச் சான்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அல்-இத்திஹாத் போதும்.

பார்வையாளர் 12:

இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஒற்றை இறுதிக்கு மாறிய யாராவது மனம் மாறி இரண்டு ஆட்டத்துக்குத் திரும்பியது உண்டா?

கூடுதல்நேரம்:

உண்டு, ஆப்பிரிக்கா. அங்கே சாம்பியன்ஸ் லீக் இறுதி 2020 முதல் 2022 வரை ஒற்றை ஆட்டமாக நடந்தது. பொதுவான மைதானம் என்பதுதான் ஒற்றை இறுதியின் பெரிய வாக்குறுதி. 2022-இல் அந்த இறுதி மொராக்கோவின் காசாபிளாங்காவில் நடந்தது. இறுதிக்கு வந்த வைதாத் அணியின் சொந்த மைதானமே அது. எதிரே நின்ற எகிப்தின் அல்-அஹ்லி எவ்வளவோ முறையிட்டும் இடம் மாறவில்லை. வைதாத் 2-0 என்று வென்றது. மறு ஆண்டே இரண்டு ஆட்டங்களுக்குத் திரும்பினார்கள். விதி விளையாடியதைப் பாருங்கள், 2023 இறுதிக்கும் அதே இரு அணிகள். கெய்ரோவில் அல்-அஹ்லி 2-1, காசாபிளாங்காவில் 1-1. அதே மைதானத்தில் இம்முறை கோப்பையைத் தூக்கியது அல்-அஹ்லி. ஒற்றை இறுதியில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் சொந்த மைதானம், இரண்டு ஆட்டத்தில் இருவருக்கும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் மையவட்டத்தின் இடைவெளியைவிட இந்த எளிய காரணமே போதும்.

ஆனால் ஒற்றை இறுதிக்கு அவர்கள் முதலில் ஏன் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2019 இறுதியின் முதல் ஆட்டத்தில் வைதாத்தும் துனிசியாவின் எஸ்பெரான்ஸும் 1-1. இரண்டாம் ஆட்டம் துனிசியாவின் ராதெஸில். எஸ்பெரான்ஸ் 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது வைதாத்தின் வாலித் எல் கார்த்தி தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. நடுவர் கோலை மறுத்தார். காணொளியில் பார்க்கச் சொல்லி வைதாத் வீரர்கள் கேட்டபோதுதான், காணொளிக் கருவி வேலை செய்யவில்லை என்பது தெரியவந்தது. அவர்கள் ஆட மறுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் நின்று, கடைசியில் கோப்பை எஸ்பெரான்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. மறு ஆட்டம் வேண்டும் என்று ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு முடிவெடுக்க, விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ய, கோப்பை எஸ்பெரான்ஸிடமே தங்கியது.

இடதுவிளிம்பு:

அந்த எல் கார்த்தியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், கூடுதல்நேரம். 2025 இறுதியில் அவர் எகிப்தின் பிரமிட்ஸ் அணிக்காக ஆடினார். பிரிட்டோரியாவில் முதல் ஆட்டம். மாமெலோடி சன்டவுன்ஸ் 1-0 என்று வெல்லப் போகிறது என்று எல்லாரும் எழுந்து நிற்கத் தொடங்கியிருந்த நேரம். கூடுதலாகச் சேர்த்த நிமிடங்களில் அவர் அடித்த கோல் 1-1 ஆக்கியது. அடுத்து கெய்ரோவில் பிரமிட்ஸ் 2-1 என்று வென்று, தன் முதல் ஆப்பிரிக்கக் கோப்பையை எடுத்துக்கொண்டது. பிரிட்டோரியாவில் அந்தக் கோலை யாரும் மறுக்கவில்லை.